இரண்டு வெட்டு

நண்டு கம்பெனி கம்ப்யூட்டர்
ஒரு டிபன் டப்பா அளவுதான்.
பின்பக்கத் திருகு நான்கில் மூன்று
உப்பில் பூத்துத் தலை தேய்ந்திருந்தன.
நாலாவது என் நகத்துக்கே கழன்றது.

உள்ளே பழைய டிஸ்க்கு
டிக் என்கிறது. நிற்கிறது.
யோசித்து மறுபடி டிக்.
பதினோரு வருஷக் கணக்கு அதில் என்றார் ஜபருல்லா:
வடகடல் போகிறவர்களில் யார் எவ்வளவு முன்பணம்,
எந்த வலைக்கு, எந்த மகள் கல்யாணத்துக்கு,
எத்தனை கிலோவில் கழிந்தது,
எத்தனை கிலோ இன்னும் கடலில் இருக்கிறது.

மதுரையிலிருந்து அவர் மச்சினன்
பஸ்ஸில் போட்டுவிட்ட புதுசு
சூயிங்கம் பட்டை மாதிரி இருந்தது.
"சின்னப் பொட்டிதானே, சின்னதா வாங்கிட்டாப்ல."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
பொன் பல்வரிசையில் இரண்டு வெட்டு.
பலகையின் வாயில் ஒரே ஒரு முட்டு.
ஒற்றை முட்டு வாய்க்குள்
இரண்டு வெட்டுள்ளதும் நுழையும்.
அதுதான் சங்கடம்.
நுழையாவிட்டால் அப்போதே திருப்பி அனுப்பியிருக்கலாம்.

நுழைந்தது.
எண்பது மில்லிமீட்டர், திருகுக்குழி அச்சாக வந்தது.
ஜபருல்லா அல்ஹம்துலில்லா சொல்லிவிட்டு
அசர் தொழப் போனார்.
சுவிட்சைப் போட்டேன். நீலத் திரையில்
அந்த இடத்துக்கு நேரே: காலி.

போனில் பார்க்கலாமென்றால்
இலங்கைக்கு நல்வரவு என்கிறது போன்.
ஐஸ் ரூமுக்குப் பின்னால் போய், கல் மேல் ஏறி நின்றதும்
நம்ம டவர் ஒரு கோடு காட்டியது.
அட்டவணை மெதுவாக இறங்கியது:
இந்த வாய்க்கு என்விஎம்இ மட்டும்.
சாட்டா எடுக்காது.

திரும்பி வந்தால் வாசலில் சவரியான்,
கூடையோடு. ஒரு நண்டு
மற்றதின் கொடுக்கைப் பிடித்துத் தொங்குகிறது.
குரலைத் தாழ்த்திக் கேட்டார்,
"கணக்கு போயிருச்சாம்மா?"

அது பயமா, ஆசையா,
எனக்குப் பிடிபடவில்லை.
காதை வைத்துக் கேட்டேன்.
டிக்.
"இன்னும் இருக்குண்ணே."

"வேற வருதா?"
"நாளைக்கு. ஒரு வெட்டு உள்ளது."
"ஒரு வெட்டு," என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார்.
"மதுர பஸ்ஸு எப்பவும் லேட்டுதான்."

அணைத்தால் மறுபடி எழுமோ என்னவோ.
ஐஸ் பில்லின் பின்பக்கம்
'தொடாதே' என்று எழுதி சுவிட்சில் ஒட்டினேன்.
திருகு மூன்றும் என் சட்டைப் பையில்.

எடைபோடும் பையன்
இன்னொரு பில்லைத் திருப்பி வைத்து,
காதிலிருந்த பென்சிலை எடுத்தான்.
நாலு கிலோ முந்நூறு.

சவரியான் குனிந்து
பென்சில் எழுதியதை
இரண்டு தடவை படித்தார்.