குளிர்காலத்துக்கு நீச்சல் தெரியாது

பையின் அடியில், ஆரஞ்சுத் தோலோடு ஒட்டி,
பாலர் பள்ளியின் துண்டுச் சீட்டு கிடந்தது.
"சனிக்கிழமை பதினொரு மணி, சான் ஆற்றுப் பாலம்.
ஆளுக்கொரு மஜன்னா பொம்மை.
பெற்றோர் உதவலாம்."
அன்றுதான் சனிக்கிழமை.
மணி எட்டு.

உதவக்கூடிய பெற்றோரில் ஒருத்தி
மருத்துவமனையில் இரவு வேலை முடித்து
காலுறையைக்கூடக் கழற்றாமல் தூங்குகிறாள்.
மிச்சம் நான்.
ஊசியில் நூல் கோக்க
நான்கு முறை எச்சில் தொட்டவன்.

நான்காம் மாடியில் வைக்கோலுக்கு எங்கே போவது?
துடைப்பக் கட்டை முதுகெலும்பானது.
செய்தித்தாளைக் கசக்கிக் கசக்கி வயிறு நிரப்பினோம்.
தேர்தல் முழுக்க வயிற்றுக்குள் போனது,
வானிலை அறிக்கை தலைக்குள்.
என் பழைய காலுறையை இழுத்து மாட்டியதும் முகம் வந்துவிட்டது.
ஓட்டை விழுந்த இடத்தை
வாய் என்று முடிவு செய்தாள் கலினா.
பசைப் பொறுப்பு மூன்று வயது இக்னாசிக்கு:
மேசையில் பசை, பூனை வாலில் பசை,
அவன் இடப் புருவத்தில் பசை,
பொம்மையிலும் கொஞ்சம்.

கண்ணுக்குப் பொத்தான் தேடியபோது
கதவோரம் தொங்கிய போக்னாவின் மேலங்கியில்
பச்சையாய் இரண்டு, ஒற்றை நூலில் ஆடிக்கொண்டிருந்தன.
"எப்படியும் விழப்போறதுதானேப்பா,"
கத்திரியோடு கேட்டாள் கலினா.
நான் அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போனேன்.
பால் வைக்கவே இல்லை.

மஜன்னா என்றால் குளிர்காலம்.
அவளைச் செய்வதே ஆற்றில் எறியத்தான்.
எறிந்தால் வசந்தம் வரும்.
எறிந்தபின் திரும்பிப் பார்க்கக் கூடாது,
பார்த்தால் காய்ச்சல் வரும்.
சானோக்கில் இதைக் கேள்வி கேட்டவர் யாருமில்லை,
அன்று காலை பதினொன்றே கால் வரை.

பதினாறு மஜன்னாக்கள் கைப்பிடியைத் தாண்டி விழுந்தாயிற்று.
கைதட்டல். பழுப்புப் பனிக்கட்டி. சேற்று வாடை.
எங்கள் முறையில் கலினா விடவில்லை.
"இவளுக்கு நீச்சல் தெரியுமா?"
குளிர்காலத்துக்கு எதற்கு நீச்சல், அது உருகிப் போகும் என்றேன்.
"இவ உருகமாட்டா. பேப்பர். ஊறுவா."
பின்னால் யாரோ சிரித்தார்கள்.
"அம்மா மாதிரியே பாக்கறா."

அப்போதுதான் நானும் பார்த்தேன்.
சரியாகத் தைக்கத் தெரியாத என் கையால்
பொத்தான் இரண்டும் கொஞ்சம் கீழே சரிந்து,
பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு
வாசலில் காலணி கழற்றுகிற கண்கள்.

இக்னாசியின் தண்ணீர்ப் பாட்டில் ஒன்று,
யாரோ குடித்து முடித்த தயிர்ப் பாட்டில் ஒன்று.
மூடியை இறுக்கி, என் காலணிக் கயிற்றை உருவி
இரு அக்குளிலும் கட்டினேன்.
சறுக்கு வண்டியின் கயிறு இடுப்புக்கு.
மெல்ல இறக்கினோம்.
முகம் வானத்தைப் பார்க்க
மிதந்தாள் குளிர்காலம்,
வெயிலுக்குப் படுத்தவள் போல.
பதினேழு குடும்பமும் திரும்பிப் பார்த்தது.
ஆசிரியை உட்பட.

பிறகு இழுத்துக்கொண்டோம்.
சறுக்கு வண்டியில் அவளை உட்காரவைத்து
அவிழ்ந்த காலணியோடு நான் நொண்டி நொண்டி வர,
இக்னாசி வழியெல்லாம் அவள் மூக்கைத் துடைத்துவிட்டான்.

மத்தியானம் எழுந்து முகம் கழுவப் போனவள்
குளியலறைக் கொடியில் சொட்டிக்கொண்டு
தன்னையே பார்க்கும் ஒருத்தியைப் பார்த்தாள்.
ரொம்ப நேரம் சத்தமே இல்லை.
எட்டிப் பார்த்தேன்:
தொட்டி விளிம்பில் உட்கார்ந்து
அவள் காலைப் பிழிந்துகொண்டிருந்தாள் போக்னா.
கறுப்பாய் மை இறங்கியது.
"இது என் கோட்டு பொத்தான்," என்றாள்,
என்னைப் பார்க்காமல்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் திரும்பவும் பனி.
கீழ் வீட்டு ஓல்ஷெவ்ஸ்கி
கார்க் கண்ணாடியைச் சுரண்டுவதை நிறுத்தி
எங்கள் பால்கனியை அண்ணாந்து பார்த்தார்.
கலினா பொம்மையின் கையைத் தூக்கி
அவருக்கு ஆட்டிக் காட்டினாள்.
தெருவில் போக்னா,
மூடாத மேலங்கியை ஒரு கையால் பிடித்தபடி
பேருந்தைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தாள்.