கேட் வரை

பெரியார் நிலையத்தில் ஏறும்போதே கேட்பார்கள்:
அணுகுண்டு போகுமா?
போகும், ஏறு.
பலகையில் அரசாங்கம் எழுதிவைத்த பெயர்
ஏழு சொல் நீளம்.
யாருக்கும் அவ்வளவு மூச்சு இல்லை.

காளவாசல் தாண்டினால் கூட்டம் கரையும்.
நாகமலை கூடவே ஊர்ந்து வரும்.
அப்புறம் மிஞ்சுவது
ரெண்டு பருத்திக்கொட்டை மூட்டை,
கழுத்தில் அட்டை தொங்கும் ஆராய்ச்சிப் பிள்ளைகள்,
செம்பாறைப்பட்டிக்குச் சிமெண்டுச் சட்டி
வாங்கிப் போகும் ஒருத்தி.
கேட் வரும்.
வண்டி அங்கேயே அரைவட்டம் அடித்துத் திரும்பும்.
பதினோரு வருஷமாக
அந்தக் கேட்டுக்கு உள்பக்கம் நான் பார்த்தது
ஒரு வேப்பமரம்.

உள்ளே என்ன என்பதற்கு
ஊரில் ஆளுக்கொரு கணக்கு.
மாடு சினை பிடிக்காததற்கு அதுதான் காரணம்,
போர்வெல்லில் காற்று வந்ததற்கும்.
போன ஐப்பசியில் மழை கூடுதலாகக் கொட்டியதற்கு மட்டும்
அதன் பேரை யாரும் இழுக்கவில்லை.

ஜெர்மன்காரி ஹைக்கே ஏறிய அன்று
பத்து ரூபாயை நீட்டினாள்.
பெண்களுக்குக் காசு கிடையாது என்று
மகளிர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
நான் வெளிநாடு, என்றாள்.
பஸ்ஸுக்கு அது தெரியாது, என்றேன்
எனக்கு வந்த இங்கிலீஷில்.
சீட்டை நோட்டுக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.
பேரைக் கேட்ட பெண்கள் காதில் விழுந்தது அக்கா.
கூப்பிட்டார்கள், திரும்பினாள்.
அதோடு பேர் வைத்தாயிற்று.

அவள் ஊரும் சின்னதுதானாம்.
ஒரு ஆறு, ரொட்டிக்கடை,
சர்க்கரை காய்ச்சுகிற பீட்ரூட் வயல்,
வயல் முடிகிற இடத்தில் ஒரு ஆராய்ச்சி.
அங்கே என்னய்யா நடக்குது என்றால்
அந்த ஊரும் தோளைத்தான் தூக்குமாம்.
அவள் அப்பா அதற்கு பஸ் ஓட்டியவர்.
முப்பத்திரண்டு வருஷம்.
கேட் வரை, என்று சொல்லும்போது
ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.
கண்ணாடியில் ஒச்சப்பன்
எங்களைப் பார்த்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
டிரைவருக்கும் எனக்கும் அனுமதி வாங்கிவிட்டாள்.
இரும்புத் தகடு மேல் தகடு,
ஒரு மச்சு வீட்டு உயரம்.
இட்லிக் கொப்பரைதானே, என்றான் ஒச்சப்பன்.
பக்கத்துத் திரையில் புள்ளி விழுந்து கோடாகியது,
அழிந்தது, இன்னொன்று.
வானத்திலிருந்து வருகிறது, என்றாள்.
கூரை, தலை, இரும்பு
பெரும்பாலும் எதிலும் நிற்காமல் போகிறது.
கையை விரித்தால் உள்ளங்கையில்
நொடிக்கு ஒன்று, சுமாராக.
விரித்தேன்.
சில்லறை வாங்கி வாங்கிக் கறுத்த கை.
இத்தனை பேரும் டிக்கெட் எடுக்காமலா?
வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.
ஆமாம், அதைத்தான் எண்ணுகிறோம், என்றாள்.

அன்றைக்கு ராத்திரி கடைசி நடை.
கேட்டில் ஒரு ஆள் ஏறவில்லை.
நடைத்தாளில் பயணிகள் கட்டத்தில்
சைபர் போடப் போன பேனா
கொஞ்சம் நின்றது.
பிறகு போட்டேன்.
செக்கர் ஏறினால் யார் பதில் சொல்வது.

ஊருக்குக் கிளம்பும் முன்
போனில் அப்பாவைக் காட்டினாள்.
கம்பளிச் சட்டை, பெரிய காது,
ஜன்னலில் பனி.
வண்டியைச் சுற்றிக் காட்டச் சொன்னார்.
கியர் கம்பி, பின் டயரின் தேய்மானம்,
முன்னால் தொங்கும் எலுமிச்சை மிளகாய்.
உள்ளே இருக்கும் கொப்பரையைப் பற்றி
ஒரு வார்த்தை இல்லை.
கடைசி வண்டி எத்தனை மணிக்கு, என்றார்.
ஒன்பது பத்து.
அவருக்கு எட்டு நாற்பதாம்.

அரை மணி நேரம் நாமதான் கூட,
நாமதான் கூட என்று
ஒச்சப்பன் காளவாசல் வரை சொல்லிக்கொண்டே வந்தான்.
ரெண்டு நிறுத்தத்தில்
நான் விசில் கொடுக்கும் முன்னே
வண்டியை எடுத்துவிட்டான்.