லாம்

கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து
நான் 'நான்' என்று சொல்லும்போது
அது நான் இல்லை.
அமைச்சரும் நான், எதிர்வரிசையும் நான்.
நான்கரை மணிக்கு மேல் தொண்டை கரகரக்கும்;
சுடுநீர்க் குடுவையைத் திறந்துகொண்டு
அடுத்த நான் யாரென்று காத்திருப்பேன்.
தமிழ் அலைவரிசையில் எத்தனை காதுகள்?
விசாரித்ததில்லை. தெரிந்தால் குரல் இறங்கிவிடும்.

அன்று டாக்டர் கோ பெய் ஷான்.
நியமன உறுப்பினர். கட்சி இல்லை, தொகுதி இல்லை,
விளக்குக் கம்பத்தில் அவர் முகம் தொங்கியதே இல்லை.
"எந்த வட்டாரம் நீங்க?" என்று டாக்சிக்காரர் கேட்டால்
"எதுவும் இல்லை" என்பாராம்.
"அப்ப யாருக்குப் பேசுறீங்க?" என்பதற்குள்
இறங்கும் இடம் வந்துவிடுமாம்.
வரவுசெலவுத் திட்டத்துக்கு வாக்கில்லை,
அரசமைப்பைத் திருத்துவதற்கும் இல்லை.
இரண்டரை ஆண்டு. அதில் பதினேழு மாதம் போயிற்று.

கையில் ஒரு திருத்தம்.
துப்புரவுப் பணியிட மசோதா, ஒன்பதாம் பிரிவு:
இளைப்பாற இடம் முதலாளி 'தரலாம்'.
அதை 'தர வேண்டும்' ஆக்கச் சொல்கிறார்.

முந்தின வாரம் தாழ்வாரத்தில் என்னை நிறுத்தி
"உங்கள் மொழியில் அது எந்தச் சொல்?" என்று கேட்டார்.
தனிச்சொல் இல்லை டாக்டர், வினைக்கு ஒட்டிய வால்.
லாம்.
"லாம்," என்று சொல்லிப் பார்த்தார். அவர் நாவில் அது
யாரோ ஒருவரின் குடும்பப் பெயராகிவிட்டது.
"மிஸ்டர் லாம்! எல்லாச் சட்டத்திலும்
அவர்தானே உட்கார்ந்திருக்கிறார்."

குழுநிலை. செங்கோலைத் தூக்கி
மேசைக்குக் கீழே இறக்கி வைத்தார்கள்.
முப்பது தலைகள் இருக்கும்;
இரண்டு தேநீருக்குப் போய்க்கொண்டிருந்தன.
அவர் பேசப் பேசினேன்:

"ஈசூனில் ஒரு புளோக், குப்பை இறங்கும் அறை.
திருவாட்டி சுவா பெக் கியோக், வயது அறுபத்தெட்டு,
பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து
பதினொன்றரைக்கு பீஹூன் சாப்பிடுகிறார்.
மாடியிலிருந்து யாராவது கொட்டினால்
பொட்டலத்தை மூடிக்கொண்டு காத்திருக்கிறார்.
நான் பக்கத்தில் நாற்பது நிமிடம் இருந்தேன்.
ஏழு முறை மூடினார்."

நான் பக்கத்தில் இருந்தேன் என்று
என் வாய்தான் சொன்னது.
ஈசூனில்தான் எனக்கு வீடு.
அப்படி ஒரு கதவைத் தாண்டித்தான்
தினமும் எம்ஆர்டிக்கு நடக்கிறேன்.

அமைச்சர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்.
நோக்கம் ஒன்றே; சிறு நிறுவனங்கள், இடநெருக்கடி,
நெகிழ்வு தேவை, ஊக்குவிப்போம்,
பிற்பாடு மறுபரிசீலிக்கலாம்.
அந்த வாலைக் கொஞ்சம் இழுத்துவிட்டேன் போலிருக்கிறது.
பக்கத்து நாற்காலியில் மெஹருன்னிசா
பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"ஆம் என்போர்?"
மூன்று குரல். அதில் ஒன்று இருமலாகவும் இருக்கலாம்.
"இல்லை என்போர்?"
கூரை முழுக்க.
பிரித்து எண்ண ஐந்து பேர் எழ வேண்டும்.
டாக்டர் எழுந்தார். எதிர்வரிசையில் இருவர்.
நான்காவதாக ஒருவர் அசைந்தார்,
காலை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"என் மறுப்பு பதிவாகட்டும்," என்றார்.
என் ஒலிவாங்கியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
"என் மறுப்பு பதிவாகட்டும்," என்றேன்,
சம்பளத்துக்குச் சொல்லும் குரலில்,
அரை நொடி தாமதமாக.

மறுநாள் காலை
எங்கள் புளோக்கில் அந்தக் கதவு பாதி திறந்திருந்தது.
ஒரு வாளி. ஆள் இல்லை.
ரயிலுக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் நின்றேன்.
மேலே எங்கோ பதினோராம் மாடியில்
யாரோ எதையோ கொட்டினார்கள்.
அது ஒவ்வொரு மாடியாக
வந்துகொண்டே இருந்தது.