ஒன்றேகால் மாப்பிள்ளை

குன்னூரில் ஜூலை மாதம்
ரொட்டிக்கு முன்பே கேசட்டுக்குப் பூஞ்சை பிடித்துவிடும்.
பீரோவுக்குள் நாற்பது வாட் பல்பை
இரவும் பகலும் எரியவிட்டு
நூற்றுப் பதினேழு சிரிப்புப் படங்களைக் காயவைத்திருக்கிறேன்.
ஒன்றுகூட ஓடிய படமில்லை.

‘நல்ல படமா நாலு வாங்கக் கூடாதா?’
என்கிறாள் மேபல்.
அவளுடைய சாக்ஸும் அதே பல்பில்தான் காய்கிறது.
அதைச் சொல்ல மாட்டாள்.

‘ஒன்றேகால் மாப்பிள்ளை’ கிடைத்தது கோத்தகிரியில்,
மூடப்போன வீடியோ கடையில்,
எடைக்குக் கட்டிவைத்த மூட்டைக்குள்.
பண்ணைக்காடு ஜெபமாலையிடம் இன்னொரு பிரதி உண்டு.
அதில் கடைசி இருபது நிமிடம்
யாருடைய கல்யாணமோ ஓடுகிறதாம்.
மாற்றிக்கொள்வோமா என்று கேட்டார்.
பந்தி நன்றாக இருக்கிறது என்றார்.

ஒரு பெண், இரண்டு மாப்பிள்ளை, இருவருக்கும் ஒரே கோட்டு.
கேத்திப் பள்ளத்தாக்குதான் காஷ்மீர்.
நம்பாதவர்களுக்குப் பலகை நட்டிருக்கிறார்கள்,
பலகைக்குப் பின்னால் முட்டைக்கோஸ்.
இன்ஸ்பெக்டரின் மீசை
ஒரே வசனத்தில் வலமிருந்து இடம் போகிறது.

பிறகு அந்தக் காட்சி.
‘உன்னைப் பார்த்த அந்த’ என்று ஆரம்பித்தவன்
பதினோரு நொடி வாய்பிளந்து நிற்கிறான்.
அப்புறம் ‘நொடி’ என்கிறான்.
நடிக்கத் தெரியாதவன் என்பார்கள் கீழே சமவெளியில்.
அருவங்காட்டுத் தொழிற்சாலையில் சங்கு ஊதியிருக்கிறது,
வசனம் எடுத்துக்கொடுத்தவர் குரல் அதில் அமுங்கிவிட்டது.
டப்பிங்கில் யாரும் சங்கைச் சேர்க்கவில்லை.
இன்னொரு தரம் எடுக்க
பிலிமும் இருந்திருக்காது.

அவன் தோளுக்குப் பின்னால்
பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒருத்தி
மூட்டையை இறக்கிவைத்துவிட்டுச் சிரிக்கிறாள்.
யாருடைய கையோ அவளை வெளியே இழுக்கிறது.
இழுபட்டுக்கொண்டே சிரிக்கிறாள்.
அந்தச் சிரிப்புக்கும் சத்தமில்லை,
டொய்ங் என்று ஏதோ ஒரு தந்திதான்.
இந்தப் படத்துக்கு ஒருவராவது சிரித்தார்கள் என்பதற்கு
வேறு அத்தாட்சி இதுவரை கிடைக்கவில்லை.

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால்
நேற்று ராத்திரி நாடாவைத் துடைத்தேன்.
அவள் இருக்கும் இடத்தில்தான் பூஞ்சை அதிகம்.
துடைக்கத் துடைக்க முகமும் கொஞ்சம் போகிறது,
ஓடவிட்டால் இன்னும் போகும்.

ஒற்றைச் சாக்ஸோடு வந்து நின்ற மேபல்
‘அந்தப் பொண்ணு ஏன் சிரிக்கறா?’ என்றாள்.
சங்கு, என்றேன்.
‘எங்க? எனக்குக் கேக்கல.
இன்னொரு தரம் போடு.’

போட்டேன்.