ஏழாவது எட்டு

கரண்டு பில்லு பின்னால வெலை எழுதி வெச்சிருந்தேன்.
எம்.சி. ரோட்டுல பதினாலாயிரத்து நானூத்தித் தொண்ணூறு.
தண்டையார்பேட்டை ஷோரூம்ல பதினஞ்சு இருநூறு,
கூட ஒரு இஸ்திரிப் பெட்டி இனாமாம்.
இஸ்திரி போட என்கிட்ட இன்னா இருக்குது,
பொடவையெல்லாம் செதிலு.
பெரம்பூர்க்காரன் பதிமூணு எழுநூறு, வண்டி ஃப்ரீ,
அதுக்குக் கீழ கம்ப்யூட்டர் ஒத்துக்காதாம்.
மூலக்கடை இன்னும் பாக்கல.

காசிமேட்டுல இருவத்திரண்டு வருசமா கூடை வெச்சவ நான்.
சங்கராவக் கண்ணப் பாத்தே சொல்லிடுவேன்
எத்தினி மணிக்குக் கரை ஏறிச்சின்னு.
ஃப்ரிட்ஜுக்குக் கண்ணு எங்க இருக்குது?
செவுளத் தூக்கற மாதிரி கதவத் தொறந்தேன்.
உள்ள லைட்டு எரிஞ்சுது.
எல்லாக் கடையிலயும் அதே லைட்டு.

ஷோரூம் பொண்ணு ஸ்டாரு எண்ணிக் காட்டிச்சு,
லிட்டரு சொல்லிச்சு,
"வீட்ல எத்தினி பேரும்மா?"ன்னு கேட்டுச்சு.
ரெண்டு பேரு, ரெண்டு மருந்துக் குப்பின்னு சொல்லல.
"மூணாவது மாடிக்குத் தூக்கினு வருவீங்களா?"ன்னேன்.
கீழ வரைக்கும்தான் டெலிவரியாம்.
யாராவது கூப்புடுவாங்கன்னு மெதுவா வெளிய நடந்தேன்.
கண்ணாடிக் கதவு தானா மூடிக்கிச்சு.

குப்பி இப்ப பிலோமினா வீட்ல இருக்குது,
முட்டைக்கும் இட்லி மாவுக்கும் நடுவுல.
ஏலம் முடிஞ்சு வந்து ஊசி போட்டாத்தான் துன்ன முடியும்.
அவ ஆஸ்பத்திரில ராத்திரி டூட்டி பாத்துட்டு
அப்பத்தான் கண்ண மூடியிருப்பா.
ஒரு நாளும் மூஞ்சி சுளிச்சதில்ல.
அதனாலதான் தட்டும்போது கை கூசுது.
ஞாயித்துக்கெழம ஒரு கை நெத்திலி குடுப்பேன்,
அத எந்தப் பில்லு பின்னாலயும் எழுதல.

மூலக்கடைல சின்னக் கடை.
எடது பக்கம் நசுங்கின ஒண்ணு ஓரமா நின்னுச்சு.
"லாரில வரும்போது பட்டுச்சுக்கா,
ஓட்டத்துல ஒரு கொறையும் கெடையாது."
வால் கிழிஞ்ச வஞ்சிரத்த
நானும் இதே வாயிலதான் வித்திருக்கேன்.
"பதிமூணு தொள்ளாயிரம்."
"பன்னெண்டு."
அவன் சிரிக்கல.
சிரிச்சிருந்தா இன்னும் எடம் இருக்குதுன்னு அர்த்தம்.
"பதிமூணு அறநூறு."
சுருக்குப்பைய இழுத்து மூடினேன். திரும்பினேன். நடந்தேன்.

ஒண்ணு.
ரெண்டு.
நாலாவது எட்டுல கூப்புடணும், அதான் கணக்கு.
நான் நாலாவது எட்டுல கூப்புடுவேன்.
அஞ்சு. ஆறு.
ஏழுல வந்துச்சு:
"யக்கா. வா. பதிமூணு முந்நூறு குடு. எடுத்துக்க."

அந்தக் குரலு எனக்குத் தெரியும்.
மத்தியானம் ரெண்டு மணிக்கு
ஐஸு கரைஞ்சு கூடையில ஒழுவும்போது
என் தொண்டையிலேர்ந்து வர்ற குரலு.
பன்னெண்டு எண்ணூறுக்கு எறக்கியிருக்கலாம்.
எறக்கல.
எண்ணிக் குடுத்தேன், ஈரம் பட்ட நோட்டு.
மோந்து பாக்காம வாங்கிக்கினான்.

தேசப்பன் தொறமுகத்துல ஐஸு பாரு தூக்கறவன்.
முதுவுல சாக்கப் போட்டு மூணு மாடி ஏத்தினான்,
"அம்பது கிலோ பாருக்கு இது தூசுடி"ன்னு
ரெண்டாவது மாடி வரைக்கும் பேசினே வந்தான்.
அதுக்கு மேல பேசல.
பிலோமினா தூக்கக் கலக்கத்துல வெளிய வந்து
கொடியில இருந்த துணிய ஒதுக்கி வழி வுட்டா.
"குப்பிய நாளைக்கு எடுத்துக்கோ,
மொதல்ல அது ஜில்லாவட்டும்"னா.
நசுங்கின பக்கத்த சொவுத்தோட சேத்து வெச்சோம்.

ராத்திரி பில்லத் திருப்பிக் கூட்டினேன்.
குட்டியானை முந்நூறு.
ஷேர் ஆட்டோ தொண்ணூறு.
டீயும் பொறையும் நாப்பது.
பெரம்பூர்க்காரன் சொன்னதுக்கு முப்பது ரூவா மேல.
மறுபடி கூட்டினேன். அதே முப்பது.
முப்பது ரூவாக்கு ஒரு கூறு காரப்பொடிகூட வராது.

தேசப்பன்கிட்ட சொல்லல.