கழிவு போக

பகாவ் தாண்டி, செம்பனை ஆலையில்
எடைமேடைக் கிராணி நான்.
பதினோரு வருஷமாய் லோரிகளை நிறுக்கிறேன்.
குலைக்கு அடியில் மணல் மூட்டை,
காய்க்கு மேலே கண்துடைப்பாய் ஒரு வரிசைப் பழம்,
குழாயடியில் நின்று குடித்து வந்த காம்பு,
எல்லாம் பார்த்தாகிவிட்டது.
ஆனாலும் ஒரு பழைய காடியை
எனக்கு நிறுக்கத் தெரியவில்லை.

எங்கள் மைவிக்கு வயிறு தாழ்வு.
மழை விட்ட மறுநாள் தோட்டத்துப் பாதையில்
கல்லைத் தேய்த்துக்கொண்டே போகும்.
ஒவ்வொரு தேய்ப்புக்கும்
தன் முதுகில் பட்டதுபோல் நெளிவார் தயாளன்.
'உசரமா ஒண்ணு பாப்போம்.'
கையில் முப்பத்தெட்டாயிரம் வெள்ளி.
அதற்கு மேல் போனால்
என் கழுத்துச் சங்கிலி பேச வேண்டிவரும்.

ஜெம்போலில் ஒரு ரஷ்.
படத்தில் வெள்ளை.
நேரில் மூன்று வெள்ளை:
கதவுக்கு ஒன்று, முன்மூடிக்கு ஒன்று,
பின்பக்கம் மட்டும் பிறந்தபோது இருந்தது.
'ஒரே ஓனர், கா. லேடி ஓனர்' என்றான் கடைப்பையன்.
பாவம் அந்த லேடி,
இந்த வட்டாரத்தில் எத்தனை காடிகளைத்தான்
ஒற்றை ஆளாய் ஓட்டியிருக்கிறாள்!

கோலப்பிலாவில் சிக்கு ஹஸ்னா வீட்டில்
வண்டி கண்ணாடி மாதிரி.
ரசீதுகள் தேதிவாரியாகக் கோப்பில்.
விலையைக் கேட்டோம்.
கூட நாலாயிரம் போட்டால் புதுசே வாங்கிவிடலாம்.
'நான் இதைப் பிள்ளைபோல வைத்திருந்தேன்' என்றார்.
பிள்ளைப் பாசத்துக்கு பேங்க் கடன் தராது, சிக்கு.
கொடுத்த பண்டான் கேக்கைத் தின்றுவிட்டு வந்தோம்.

சிரம்பானில் முப்பத்தாறாயிரத்து எண்ணூறு
என்று எழுதியிருந்தது.
அரைநாள் விடுப்பு போட்டுப் போனேன்.
கையெழுத்து மேசைக்கு வருவதற்குள்
பெயர் மாற்ற, பரிசோதிக்க, பாரம் நிரப்ப,
நிரப்பிய பாரத்தை எடுத்து வைக்க என்று
நாற்பத்து மூன்றாகியிருந்தது.
எரு போட்ட கன்றுகூட அப்படி வளராது.

கடைசியில் நம்ம ஊர் வீரப்பெருமாள்.
கோயில் கமிட்டி, பத்து ஏக்கர் செம்பனை,
வீட்டு வாசலில் ஒரு சிஆர்வி.
'நீ என்பதால்தான் இந்த விலை, தங்கச்சி.'
மீட்டரில் அறுபத்திரண்டாயிரம் கிலோமீட்டர்.
பிரேக் மிதியிலோ
ரப்பர் தேய்ந்து இரும்பு சிரித்தது.
பின்சீட்டு பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன்,
முழுசாக, அடிவரைக்கும்.
அங்கே குறுக்கே ஒரு பழுப்புக் கோடு,
குவளையில் தேத்தண்ணி வற்றிய இடம்போல.
வெள்ளம் எதுவரை ஏறியது என்று
அந்த நாடா மட்டும் குறித்து வைத்திருந்தது.
'கழுவுன தண்ணிம்மா' என்றார்.
கையை விட்டேன்.
சர்ரென்று உள்ளே ஓடி ஒளிந்துகொண்டது பெல்ட்.

செவ்வாய்க்கிழமை
அவர் லோரி என் மேடையில் ஏறியது.
காய் கலந்திருக்கிறது, கழிவு நாலு விழுக்காடு என்று
சீட்டில் குறித்து அனுப்பியிருந்தான் தரம் பார்க்கும் ரோஸ்லி.
நாலை ஏழாக்க ஒரு விரல் போதும்.
ரோஸ்லி கேட்கமாட்டான்.
அந்த மூன்றை
விரல் நுனியில் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்,
பின்னால் நின்ற லோரி ஹார்ன் அடிக்கும்வரை.
நாலைத் தட்டினேன்.

சன்னலுக்கு வந்தார்.
சீட்டை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.
'சரியா நிறுத்தியா, தங்கச்சி?'
'வேணும்னா இன்னொரு தரம் ஏத்துங்கண்ணே.'
ஏற்றினார்.
அதே எண்.
அவருடைய மீட்டரை நான் பார்த்தேனே,
அப்படியே பார்த்தார் என் எண்ணை.

சாயங்காலம்
கல்லைத் தேய்த்துக்கொண்டு வீடு சேர்ந்தது மைவி.
தயாளன் போனை நீட்டினார்.
'தம்பின்ல ஒண்ணு இருக்கு. போலாமா?
ஒரே ஓனராம்.'
நான் காலணியைக் கழற்றினேன்.
'லேடியா?' என்றேன்.