மசகு

என் முதல் இருபது கிலோமீட்டருக்குச் சான்றிதழ்
குளியலறையில் கிடைத்தது.
முதல் சொம்புத் தண்ணீர் தொடையில் இறங்கியதும்
பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி
ஒரு சத்தம்.
அது நான்தான்.

ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை.
புதூரிலிருந்து ஒத்தக்கடை போய்த் திரும்பும் வரை
முட்டி, மூச்சு, நாய்கள்
இவற்றுக்கு மட்டுமே பயந்துகொண்டிருந்தேன்.
எனக்குத் தெரியாமல் என் இரண்டு தொடைகளும்
மூன்று மணி நேரம் சண்டை போட்டிருக்கின்றன,
பொதுச் சுவருக்கு வழக்காடும்
இரண்டு வீடுகள் போல.

திங்கட்கிழமை பணிமனைக்குள்
காலை அகட்டி அகட்டிப் போனேன்.
டயர் செக்‌ஷன் மாரிச்சாமி கேட்டார்:
"என்ன மேடம், மூலமா?"
ஆமாம் என்றேன்.
அதைச் சொல்வது சுலபமாக இருந்தது.

ஸ்டோரில் என் வேலை
மசகு எடுத்துக் கொடுப்பது.
எந்த வண்டி, எந்த பேரிங், எத்தனை கிராம்,
தேதி, கையெழுத்து.
கிரீஸ் படாத சக்கரம் கேட்டைத் தாண்டாது.
பதினோரு வருடமாக இதை எழுதுகிறவள்
நாற்பத்திரண்டு வயது உடம்பை
வறட்டு வறட்டென்று
ரோட்டில் இறக்கிவிட்டிருக்கிறேன்.

பவுடர் போட்டுப் பார்த்தேன்.
ஆறாவது கிலோமீட்டரில் வியர்வை சேர்ந்து மாவாகி
பத்தாவதில் காய்ந்து
உப்புத்தாள் ஆனது.
அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று
மரத்தச்சருக்குக்கூட இவ்வளவு தெரிந்திருக்காது.

தேங்காய் எண்ணெய்
மாட்டுத்தாவணி வரைக்கும் துணைக்கு வந்தது.
அங்கே பஸ் ஏறிவிட்டது போலிருக்கிறது.

வெயிலுக்குப் பருத்திதான் என்றாள் செலின்.
நிற்கிறவர்களுக்கு.
நனைந்த பருத்தி ஈரச் சாக்கு;
அதை இடுப்பில் கட்டிக்கொண்டு யாரும் ஓடவேண்டாம்.

மெடிக்கலில் வாசலின் கேட்டேன்.
"உதட்டுக்காக்கா? சின்னது போதுமா?"
பெரியது.
"இதுவா?"
அதைவிடப் பெரியது.
பையன் என் உதட்டைப் பார்த்தான்.
பிறகு பில்லைப் பார்த்துக்கொண்டான்.

இப்போதெல்லாம் ஞாயிறு நாலு மணிக்கு
வீடு தூங்கும்போது
கதவைத் தாழ் போட்டுவிட்டு
கணக்காக எடுக்கிறேன்.
தொடையிடுக்குக்குத் தாராளமாக.
இடுப்பில் எலாஸ்டிக் கடிக்கிற வரிக்கு,
மார்புக்குக் கீழே
உள்ளாடை உட்கார்கிற மடிப்புக்கு,
சுண்டுவிரலுக்கு.
இதில் சில இடங்களை நான் தொட்டே
பல வருடம் இருக்கும்.
சோப்பு தொட்டிருக்கிறது.
அது அவசரத்தில்.

பேன்ட்டைத் திருப்பிப் போடுகிறேன்,
தையல் வெளியே தெரிய.
உள்ளே இருந்து கடித்தது துணியில்லை, தையல் என்று
கண்டுபிடிக்க நாலு ஞாயிறு ஆகிவிட்டது.

நரசிங்கம் விலக்கில் பால்கேனோடு வந்தவர்
வண்டியை மெதுவாக்கினார்.
"ஏம்மா, பேன்ட்ட மாத்திப் போட்டிருக்க."
"தெரியும்ணே."
ரெண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு செலவு.
அவருக்கு நம்பிக்கை வரவில்லை.
கொஞ்ச தூரம் கூடவே வந்து
இன்னொரு முறை சொல்லிவிட்டுப் போனார்.

இருட்டில் யானைமலை படுத்திருந்தது.
படுத்தே கிடப்பதற்குத் தொடை உரசாது.
ஒரு நாள் எழுந்து மேலூர் வரை நடக்கட்டும்,
அப்புறம் பேசிக்கொள்வோம்.

இன்றைக்கு இருபத்தி நாலு.
கறுப்புச் சட்டையில் வெள்ளையாய் உப்பு,
ஏதோ நாட்டின் வரைபடம்.
குளியலறையில் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு
வெகுநேரம் நிற்கிறேன்.
பல்லைக் கடித்து
முதல் சொம்பு.

தொடை: ஒன்றுமில்லை.
இடுப்பு: ஒன்றுமில்லை.
சிரிப்பு வருகிறது, இரண்டாவதை
தலையோடு ஊற்றுகிறேன்,

இடது அக்குளுக்குப் பின்னால்
ஒரு ரூபாய் அகலத்தில்
சுள்.